பாலுக்கும் காரட்டுக்கும் நடுவில் முப்பத்தொரு நிறங்கள்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள் மீது ஆணை. நிறம் கலந்து பிழைத்தவன் கண் மீது ஆணையிடுவது சோற்றுப் பானை மீது ஆணையிடுகிற மாதிரி. பொய் சொன்னால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். என் கண்கள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கீழே பெயிண்ட் கடை, மேலே வீடு. அந்தக் கடையில் நாற்பத்தொரு வருடம் நிறம் கலந்தேன். உதிர்ந்த சுவர்ச் சில்லையோ பழைய திரைத்துணியையோ கொண்டுவந்து காட்டி, இதே நிறம் வேண்டும் என்பார்கள். வெள்ளை டப்பாவைத் திறந்து, சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்கி, அதே நிறத்தை வரவழைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினால் டப்பா பாழ். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வான நீலம் கலந்து கொடுத்தேன். மூன்று குருவிகள் வானம் என்று நினைத்துப் பறந்து வந்து மோதின. நான்காவது மோதவில்லை; மற்ற மூன்றும் அதனிடம் சொல்லிவிட்டன. இப்போது கணினி வைத்த இயந்திரம்தான் கலக்கிறது. அதை என் மகன் பார்த்துக்கொள்கிறான். சில மாதம் முன்புவரை கடைசிச் சொட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவான், இயந்திரத்தின் காதில் விழாதபடி மெதுவாக.

வீட்டில் அப்போது மூன்று பேர்: நான், மகன், முதலாளி. முதலாளி என்றது என் பேத்தியை. ஒரு வேலையும் செய்யாமல், நினைத்த நேரத்தில் சத்தம் போட்டு, இரண்டு ஆம்பிளைகளை மாடிப்படியில் ஓட ஓட விரட்டுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவள் பிறந்த பதினோராம் நாள் என் மருமகள் காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லப் போவதில்லை. சொன்னால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும், எழுந்திருக்காது.

அதனால் முதலாளிக்குப் புட்டிப்பால். அளவு பார்ப்பதில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. பால்மாவைக் கரண்டியில் எடுத்து, மேல்மட்டத்தைக் கத்தியால் வழித்து, வெந்நீரில் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். புட்டிகளை இருபது நிமிடம் கொதிக்க வைப்போம். கடையிலிருந்து மேலே வந்தால் கை கழுவாமல் அவளைத் தொட்டதில்லை. நகக்கண்ணில்கூட ஒரு புள்ளி நிறம் இருக்காது. அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் எங்கள் கையைப் பார்த்திருந்தால் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருப்பார்.

ஆறு மாதம் முடிந்தது. குழந்தைகள் மருத்துவமனையில் எடை போடுகிற நர்ஸ் முதலாளியைத் தராசில் கிடத்தி, அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு கோடு இழுத்தாள்.

"தாத்தா, இனி பால் மட்டும் பத்தாது. கரண்டியில குடுக்க ஆரம்பிங்க. காரட்டு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். நல்லா வேகவச்சு, கட்டியில்லாம மசிச்சு, ஒரு கரண்டி ரெண்டு கரண்டி."

"சாப்பிடலைன்னா?"

"பசிச்சா சாப்பிடுவா. நீங்க சாப்பிடறதில்ல?"

"எனக்கு இதுவரைக்கும் யாரும் கோடு இழுத்துப் பாக்கலம்மா."

மறுநாள் மகன் காரட்டை வேகவைத்தான். நான் மசித்தேன். பெயிண்டில் கட்டி விடாத கை, காரட்டிலா விடும்? முதலாளியை மடியில் சாய்த்துக்கொண்டு மகன் கரண்டியை நீட்டினான். உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கரண்டி வரும்போதே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம். மகன் தன் வாயைத் திறந்து 'ஆ' என்று காட்டினான். நானும் 'ஆ' என்றேன். இரண்டு பேரும் பல் டாக்டர் வீட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பது போல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம். அசந்த நேரத்தில் கரண்டி உள்ளே போய்விட்டது. முதலாளி கண்ணை இறுக மூடி, நாக்கை வில்லாக வளைத்து ஒரு தள்ளு தள்ளினாள். காரட் அறையைக் குறுக்காகக் கடந்து எதிர்ச்சுவர் காலண்டரில் போய் ஒட்டியது. அதுவும் விடுமுறை நாள்களின் மேல் மட்டும். வேலை நாள் ஒன்றில்கூடப் படவில்லை.

உருளைக்கிழங்கும் அப்படித்தான். வாழைப்பழமும் அப்படித்தான். பசிக்கட்டும் என்று புட்டியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தோம். தொண்டை வறள அழுதாளே தவிர கரண்டியைத் தொடவில்லை. புட்டியைக் காட்டியதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களை மன்னித்துவிட்ட மாதிரி குடித்தாள். அடுத்த எடைக்குப் போனபோது அட்டையில் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டது. நர்ஸ் பேனாவை மூடி மூடித் திறந்தாள். அவள் கேலி பேசாதது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் மருமகளின் அக்கா வந்தாள். எங்கள் முதலாளிக்குப் பெரியம்மா. பேருந்தில் இரண்டு மணி நேரம். வந்ததும் குழந்தையைத் தூக்கி, முதுகைத் தடவி, விலா எலும்பில் விரல் பட்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, நான் சண்டை போட வரல."

"சண்டைன்னாலும் உக்காந்தே போடலாம்மா. நாற்காலி இருக்கு."

அவள் உட்காரவில்லை. "என் தங்கச்சி பொண்ணு மாமா. இளைக்கிறா. நானும் ரெண்டு வளத்தவதான். கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டுமே."

மகன் ஜன்னலோரம் நின்றிருந்தான். "கொஞ்ச நாள்னா எத்தன நாள்க்கா?"

"தம்பி, அத நான் எப்படிச் சொல்லுவேன்? அவ தேறணும். தேறினதும் பழகினவங்கள விட்டுப் பிடுங்கிட்டு வர முடியுமா? நீயே சொல்லு."

வெளிப்படையாகப் பேசுகிறவளிடம் இதுதான் சங்கடம். கோபித்துக்கொள்ளக்கூட வழி விடமாட்டாள்.

"அடுத்த எடைக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு," என்றாள். "அதுவரைக்கும் பாருங்க. கோடு ஏறுச்சுன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். ஏறலைன்னா கூட்டிட்டுப் போறேன். சரியா மாமா?"

நான் மகனைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். அவள் போன பிறகு அவன் குழந்தையை இறக்கிவிடவே இல்லை. கடையில் ஆள் காத்திருந்தும் கீழே போகவில்லை. மனைவி போய் ஏழு மாதம். அவளுடைய முகம் மிச்சமிருப்பது அந்தக் குழந்தையின் நெற்றியிலும் புருவத்திலும்தான். அதுவும் பேருந்தேறிப் போய்விடுமோ என்று அவன் பயந்தான். எனக்கும் அதே பயம்தான். ஆனால் வீட்டில் இரண்டு பேர் பயந்தால் யார் காரட் மசிப்பது?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"டேய், அவ பொறந்ததுலேர்ந்து வாய்க்குள்ள போனதெல்லாம் என்ன நிறம்?"

"வெள்ள."

"திடீர்னு கொண்டுபோய் ஆரஞ்சை நீட்டினா?"

மகன் யோசித்தான். "நானா இருந்தாலும் துப்புவேன்ப்பா."

"அதான். நாம தாவிட்டோம். படி வச்சு ஏத்தணும்."

வேறு எந்த வீட்டிலும் இந்த யோசனையைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மகன் உடனே நிற அட்டையை எடுத்துவந்து மேசையில் விரித்தான். எண் ஒன்று பால் வெள்ளை, எண் முப்பத்தொன்று காரட். நடுவில் இருபத்தொன்பது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தோம். பெயரில்லாத நிறத்தை யாரும் வாங்குவதில்லை. மூன்று: முட்டை ஓடு. ஏழு: லேசான சந்தேகம். பதினொன்று: திரை போட்ட வெயில். பத்தொன்பது: கோபித்துக்கொண்ட வெண்ணெய். பாலில் ஒரு சொட்டு காரட், மறுநாள் இரண்டு சொட்டு என்று கணக்கு. நாலு வாரத்துக்கு முப்பத்தொரு நிறம் கொஞ்சம் அதிகம்தான்; கடைசியில் நாளைக்கு இரண்டாக ஏற்றிக்கொள்ளலாம் என்றான் மகன்.

முதல் நாள் வெறும் பாலையே கரண்டியில் கொடுத்தோம். அவள் முகத்தைத் திருப்பினாள். புட்டியில் குடிக்கிற அதே பால்.

"கரண்டிதான்ப்பா," என்றான் மகன். "எவர்சில்வர் பளபளப்புல பால் சாம்பல் நிறமாத் தெரியுது."

வெள்ளைப் பீங்கான் கரண்டி ஒன்று வாங்கினேன். அதற்கும் பாலுக்கும் கால் சொட்டு வித்தியாசம் இருந்தது. முதலாளி அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாள்களில் பெயிண்ட் கம்பெனியின் நிறப் பரிசோதகர் கடைக்கு வந்தார். கழுத்தில் டை, கையில் பூதக்கண்ணாடி, முப்பது வருட அனுபவம். எண் ஆறையும் ஏழையும் இரண்டு கிண்ணத்தில் அவர் முன்னால் வைத்தேன். கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளியைத் தூக்கிவந்தோம். ஆறைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். ஏழைப் பார்த்து அழுதாள், அழுகையோடு சேர்த்து அதை அவருடைய டையில் துப்பினாள். அவர் மறுமாதம் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி.

ஆனால் ஒன்பது நாளில் ஒன்பது நிறம் காட்டியும் அவள் விழுங்கியது ஒன்றுமில்லை. மகன் சட்டையின் கழுத்துப்பட்டை அகலமாகிக்கொண்டே போனது. சட்டை அதேதான், கழுத்துதான் சுருங்கியது. சாப்பிடாத குழந்தை எதிரில் இருக்கும்போது அவனுக்கும் இறங்கவில்லை.

அந்த நேரம் தெருவில் புதுக் குழாய் பதிக்கக் குழி தோண்டினார்கள். கடை வாசல் போய்விட்டது. நாலு நாள் ஷட்டரைத் திறக்க முடியவில்லை. இரண்டு பேரும் முழுநேரமும் மாடியிலேயே இருந்தோம், குளிப்பதும் துவைப்பதும் காரட் மசிப்பதுமாக. நாலாம் நாள் காலை. எண் பதினொன்று, திரை போட்ட வெயில். மகன் நம்பிக்கையில்லாமல் கரண்டியை நீட்டினான். முதலாளி முகத்தைத் திருப்பவில்லை. கரண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மூன்று கரண்டி. மூன்றையும் விழுங்கினாள். உதட்டில் மிச்சமிருந்ததை நாக்கால் தடவி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மகன் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தண்ணி வீணாகுதுடா," என்றேன்.

"ஆமாப்பா," என்றான். மூடவில்லை.

மறுநாள் குழியை மூடிவிட்டார்கள். கடையைத் திறந்தோம். அன்று மாலை எண் பதினொன்றையே மறுபடி கொடுத்தோம். ஒரு சாண் தூரத்திலேயே முகம் திரும்பிவிட்டது.

நிறம் பிசகிவிட்டது என்றான் மகன். மறுபடி கலந்தேன். வெளிச்சம் மாறிவிட்டது என்று ஜன்னலுக்குத் திரை போட்டோம். அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலி, மகன் போட்டிருந்த அதே சட்டை, நான் இருமிய அதே இடத்தில் ஓர் இருமல். எல்லாம் செய்தாயிற்று. மிச்சமிருந்தது குழிதான். தெருமுனையில் நின்ற குழாய் ஆட்களிடம் போய், தயவுசெய்து மறுபடி ஒரு நாலு நாள் தோண்ட முடியுமா என்று கேட்டேன். மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்கள். மனு எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

நாலு வாரம் முடிந்தது. நர்ஸ் முதலாளியைத் தராசில் கிடத்தினாள். முள் நிற்கிறவரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை. கோடு இந்தமுறை படுக்கவில்லை, சரிந்தது.

பெரியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அழாமல் வந்தாள். மகன் பால்மா டப்பாவையும் நாலு புட்டிகளையும் துணிகளையும் பையில் வைத்தான். வைத்ததை எல்லாம் எடுத்து மறுபடி மடித்து வைத்தான். மூன்றாம் தடவை எடுக்கப் போனபோது அவள் மெதுவாக அவன் கையைப் பிடித்தாள்.

"போதும் தம்பி. என்கிட்டயும் துணி இருக்கு."

நான் நிற அட்டையை அவளிடம் கொடுத்தேன்.

"இது என்ன மாமா?"

"பதினொன்னுலேர்ந்து தொடங்கும்மா. ஒரு நாளைக்கு ஒரு சொட்டுதான். அவசரப்பட்டுடாத."

வேறு யாராவது இருந்தால் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். அவள் அதை மடித்து, சுருக்கம் விழாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பேருந்து ஜன்னல் வழியாக முதலாளி எங்களைப் பார்த்தாள். நான் 'ஆ' என்று வாயைத் திறந்து காட்டினேன். பழக்கதோஷம்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"மாமா, சாப்பிட்டா."

"எந்த நிறம்?"

"காரட்டுதான் மாமா. வெறும் காரட்டு. வந்த மறுநாளே கொஞ்சம் வாயில வாங்கினா. இன்னிக்கி ஒரு கிண்ணம் முழுசா. முன்னாடியே சொல்லியிருப்பேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சாப்பிட்டத எப்படி வேணா சொல்லலாமேம்மா."

"தப்பா எடுத்துக்காதீங்க. அவ துணியெல்லாம் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசன. மூணு தடவ துவைச்சேன், அப்பவும் போகல. பொட்டியில போட்டு மூடிட்டேன். அதான் கேக்கறேன். நீங்க அவளுக்கு ஊட்டறப்ப கைய..."

"கை கழுவாம நாங்க தொட்டதே இல்லம்மா. நகக்கண்ணுகூடச் சுத்தமா இருக்கும்."

"எதுல கழுவுவீங்க மாமா?"

"தின்னர்லதான். முதல்ல தின்னர், அப்புறம் சோப்பு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. புட்டியில் குடிக்கும்போது கை எங்கோ அடியில் இருக்கும். கரண்டியில் ஊட்டும்போது கை நேராக அவள் மூக்குக்குக் கீழே வந்து நிற்கும். குழி தோண்டிய நாலு நாளும் தின்னர் டப்பா ஷட்டருக்குள் கிடந்தது. கீழே இயந்திரம் டப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தது.

மாலையில் மகனிடம் சொன்னேன். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தருகே கொண்டுபோய் மோந்தான். புறங்கையை மோந்தான். சட்டைக் கையை மோந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா."

"எனக்கும்தான்டா."

"அவ வந்த புதுசுல..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். எனக்கும் அதே ஞாபகம்தான். மருமகள் வந்த புதிதில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவாள். பெரிய சீமாட்டி என்று கேலி செய்வோம். ஒரு மாதத்தில் முந்தானையை எடுத்துவிட்டாள். வாசனை போய்விட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவள் இருந்திருந்தால் குழந்தைக்கு ஊட்டப் போகிற கையை முதலில் மோந்து பார்த்திருப்பாளா, அல்லது அவளும் எங்களைப் போல் ஆகிவிட்டிருப்பாளா?

கொஞ்ச நாள் என்பது எட்டு மாதமாயிற்று. கோடு ஏறிவிட்டது. முதலாளிக்கு நாலு பல். பெரியம்மாவின் இடுப்பை விட்டு இறங்குவதில்லையாம். பிடுங்கிக்கொண்டு வருவது பாவம் என்று மகனே சொல்லிவிட்டான்.

அந்தப் போன் வந்த அன்றோடு நான் கடைக்கு இறங்குவதை நிறுத்தினேன். தின்னர் டப்பாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை வெறும் சோப்பு, ராத்திரி எலுமிச்சைத் தோல். தெருவில் போகிறவர்களை நிறுத்தி என் கையை மோந்து பார்க்கச் சொன்னேன். முதலில் ஒதுங்கிப் போனார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். தபால்காரர் தினமும் மோந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தார். இருநூறாம் நாள் அவர் நோட்டை மூடி, ஒன்றுமில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

போன மாதம் பேருந்தேறிப் போனேன். முதலாளி உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கிண்ணத்தில் மசித்த காரட். பெரியம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நீட்டினேன். ஒரு சாண் தூரத்தில் கரண்டி நின்றது. நானாக நிறுத்தவில்லை, கை நின்றுவிட்டது. முதலாளி முன்னால் குனிந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மோந்தாள், கட்டைவிரலை இரண்டு தடவை. பிறகு அவள் அம்மாவைப் போலவே ஒரு புருவத்தை மட்டும் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகிறவரை திறந்துதான் இருந்தது. கடைசியில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். கடைசிப் பேருந்து போகிறவரை நான் அந்த விரலை அசைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் மட்டும் போய் வருகிறான். போன மாதம் பேருந்தேறியதாகச் சொன்னது மட்டும் பொய்; நான் இன்றுவரை அந்த வீட்டுக்குப் போனதில்லை.